ஆறுதல் சொல்லத் தெரியாத அப்புக்காத்து

எங்கள் ஆட்களிடம் ஒரு வசனம் உண்டு: "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் சொல்வார்கள், செத்தவீட்டில் சொல்வார்கள், பிள்ளை சோதனையில் கோட்டைவிட்ட வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டும் சொல்வார்கள். அக்கா அதைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேறு யாராவது சொன்னால், "ஏன் யோசிக்கக் கூடாது?" என்று கேட்பார். கேலியாகக் கேட்பதில்லை, பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார். சொன்னவரின் முகம் கறுத்துப்போகும். பக்கத்தில் நிற்கிற எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷிக்கு நாலு பேரோடு பழகத் தெரியாதா என்று எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. ஒஸ்லோவில் எனக்கு முன்னே சட்டம் படித்து, எனக்கு முன்னே கறுப்பு அங்கி போட்ட தமிழ்ப் பெண். வழக்கறிஞரை எங்கள் ஊர்ப் பேச்சில் அப்புக்காத்து என்போம். பெயரை எழுத மாட்டேன். இப்போது நோர்வேயின் வடக்கே எங்கோ நீதிபதியாக இருக்கிறார். பெயரைப் போட்டால் அதற்கே அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். மற்றவர்களின் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். வாயைக் கொடுத்து ஒருமுறை பட்டது போதும்.

அவரை முதலில் சந்தித்தது நீதிமன்றக் கழிப்பறையில். சந்தித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நடுவில் பூட்டிய கதவு இருந்தது. என் முதல் வழக்கில் தோற்றுவிட்டு உள்ளே இருந்து அழுதுகொண்டிருந்தேன். வெளியே யாரோ கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு தமிழ் கேட்டது.

"அழுது முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆரது?"

"அப்பீலுக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு. உம்மடை கட்சிக்காரப் பெடியன் வெளியிலை தனிய நிக்கிறான். என்ன நடந்ததெண்டு அவனுக்கு விளங்கேல்லை. முதல் வந்து அவனுக்குச் சொல்லும். பிறகு வீட்டை போய் ஆறுதலா இருந்து அழலாம்."

கடவுளே, இதென்ன பிறவி என்று நினைத்தபடி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். கட்டையான ஒருவர், நரைக்கத் தொடங்கிய தலை, அங்கியை மடித்துக் கையில் போட்டபடி நின்றார். விசாரணை முழுக்கப் பின்வாங்கில், பார்வையாளர் வரிசையில், இருந்து பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. "ரெண்டாவது சாட்சியை நீர் கூப்பிட்டிருக்கக் கூடாது, அதாலைதான் தோத்தது" என்றார். வியாழக்கிழமை சங்கத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இருபது பேர் தேறாது. தமிழர், சோமாலியர், பாகிஸ்தானியர், கம்பியாக்காரர் என்று கலவை. எல்லோரும் வழக்கறிஞர்கள். எல்லோரும் நீதிமன்ற வாசல்களில் ஒருநாளாவது "தொல்க்?" என்று கேட்கப்பட்டவர்கள். மொழிபெயர்ப்பாளரா என்று அர்த்தம். அது நல்ல நாள் என்றால்தான். கெட்ட நாளில், குற்றம் சாட்டப்பட்டவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நமக்குக் கை காட்டுவார்கள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, க்ரொன்லாண்டில் எரித்திரியச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியில் கூடுவோம்.

அக்கா அமெரிக்காவில் ஒரு வருடம் படிக்கப் போனவர். அங்கே ஒரு நகரத்தில் கறுப்பின வழக்கறிஞர்களின் உள்ளூர்ச் சங்கத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு காலத்தில் பெரிய சங்கம் தங்களைச் சேர்க்காததால் அவர்கள் தாங்களே தொடங்கியது. பிறகு பெரிய சங்கத்தின் கதவு திறந்தது. ஆனாலும் இவர்கள் தங்கள் கடையை மூடவில்லை. ஒருநாள் ஒரு இளம் பெண்ணுக்கு முதல் வழக்கு. சங்கத்துக்காரர் ஒன்பது பேர் சொந்த வேலையை விட்டுவிட்டு வந்து பின்வாங்கில் இருந்தார்களாம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். வழக்கு முடிந்ததும் அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்களாம். "எனக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு" என்பார் அக்கா. பிழை சொன்னது பிடித்ததா, கூட இருந்தது பிடித்ததா என்று கேட்டால், ரெண்டும் ஒன்றுதானே என்பது போலப் பார்ப்பார்.

அதே வழக்கத்தை இங்கே கொண்டுவந்தார். எங்களில் யாருக்காவது கடினமான வழக்கு என்றால் ஒருத்தர் போய்ப் பின்வாங்கில் இருக்க வேண்டும். தட்டிக்கொடுப்பதெல்லாம் கிடையாது.

எங்கள் செயலாளர் ஒரு சோமாலியர், ஆறடிக்கு மேல் உயரம். ஒரு வியாழக்கிழமை அவர் வந்து, காலையில் நீதிமன்ற வாசல் காவலாளி தன்னைக் கைதி என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சாப்பாட்டைத் தொடவில்லை. நாங்கள் எல்லோரும், விடுங்கள், அது அப்படித்தான், பெரிதாக எடுக்க வேண்டாம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் தடவிக்கொடுத்தோம். அக்கா இஞ்செரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை மணிக்கு? எந்த வாசல்?" மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் பதினொரு பேர் கறுப்பு அங்கியோடு அந்த வாசலில் வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராக உள்ளே போகும்போது அந்தக் காவலாளிக்குக் காலை வணக்கம் சொல்லி, பெயரையும் சொல்லி, "நான் வழக்கறிஞர்" என்றோம். அவ்வளவுதான். ஆறாவது ஆள் போகும்போதே அந்த மனிதனின் காது சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் அம்மா அவரை ஒரே ஒரு தடவை சந்தித்தார். "உன்ரை அந்த அப்புக்காத்து வந்து அரைமணித்தியாலம் இருந்தா எனக்குப் பிரஷர் கூடுது, இனிக் கூட்டிக்கொண்டு வராதை" என்றார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அக்காவிடம் பயம்தான். கட்சிக்காரர்களிடம் நான் இனிமையாகப் பேசுவேன், எனக்கு அது கைவந்த கலை என்று ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை ஒரு சனிக்கிழமையோடு போனது.

அப்போது என்னிடம் ஒரு பெண்ணின் வழக்கு இருந்தது. தமிழ்ப் பெண், எட்டு வயதில் ஒரு மகன். புருஷன் அடித்து விலா எலும்பை உடைத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்குத் தடை உத்தரவு போட்டிருந்தது. தாயும் பிள்ளையும் ஒரு ஊரில் பெண்கள் காப்பகத்தில் ஒளிந்திருந்தார்கள். ஊரின் பெயரை இன்றைக்கும் எழுத மாட்டேன். கண்டால் முடித்துவிடுவேன் என்று அவன் அனுப்பிய குறுஞ்செய்தி என் கோப்பில் இருந்தது. அவர்கள் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அதில் நானும் ஒருத்தி.

அந்தச் சனிக்கிழமை லோறென்ஸ்கூக்கில் என் பெரியம்மாவின் பேரனுக்கு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்து. பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. ரோல்ஸ் தட்டோடு நின்ற என்னிடம் அந்தப் பெண்ணின் தாய் வந்தார். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த அன்ரி. இரண்டு மாதத்தில் பத்து வயது கூடிப்போயிருந்தார். நான்தான் மகளின் வழக்கறிஞர் என்று எப்படியோ ஊகித்திருக்கிறார்.

"பிள்ளை, நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. அவள் சாப்பிடுறாளோ? அதை மட்டும் சொல்லு. என்ரை சீவன் போகுது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. இந்த இடத்தில் ஒரு நோர்வேஜிய வழக்கறிஞர் என்றால், மன்னிக்கவும், எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அழுகிற அன்ரியிடம் அப்படிச் சொல்ல எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு வாய் வரும்?

"ஓம் அன்ரி, நல்லாச் சாப்பிடுறா. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பேரனும் பள்ளிக்கூடம் போறான். வகுப்பு ஜன்னலாலை ரயில் தெரியுதாம், பெரிய புழுகம், சந்தோசம் அவனுக்கு."

அன்ரியின் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம். திரும்பினேன். இரண்டடிக்குப் பின்னால், கேக் தட்டோடு, அந்தப் புருஷனின் தங்கை நின்றாள். என்னைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையில் தொலைபேசியைத் தேடிக்கொண்டே வெளியே போனாள்.

அந்தப் புருஷனுக்கு என்ன வேலை தெரியுமா? ரயில் பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை. ஒஸ்லோவிலிருந்து போகும் எந்தப் பாதையில் எந்தப் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் வாயைத் திறந்தால் கெடுவது நுணல் மட்டும்தான். நான் கெடுத்தது இரண்டு உயிரை.

வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடிவந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உண்மையைச் சொன்னால், பெரிய பிழை இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். அதற்குப் போய் அவருக்கு எடுத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கை நிக்கிறாய்? அங்கையே நில்" என்று வைத்துவிட்டார். கால்மணித்தியாலத்தில் வந்து, காரின் கதவைத் திறந்து என்னை உள்ளே ஏற்றினார். வரும் வழியிலேயே செயலாளரையும் தொலைபேசியில் பிடித்திருந்தார். அவர் குரல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடன் நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் பேசுவோம்.

"திங்கட்கிழமை வரை பொறுப்போம்" என்றார் அவர். "அந்தத் தங்கை கேட்டாளா என்பதே நிச்சயமில்லை. இது வெளியே வந்தால் பத்திரிகையில் என்ன எழுதுவார்கள்? வெளிநாட்டுக்கார வழக்கறிஞர்கள் தங்கள் ஆட்களிடம் எல்லாவற்றையும் உளறிவிடுவார்கள் என்றுதானே? இத்தனை வருடமாக நாங்கள் அது பொய் என்று காட்டுகிறோம். ஒருத்தியின் வாயால் பதினெட்டுப் பேருக்கு இனி ஒரு வழக்கும் வராது. இரண்டு நாள் தாருங்கள், எப்படிச் சொல்வதென்று யோசித்துச் சொல்வோம்."

அவர் சொன்னது எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். "ஓம் அக்கா, திங்கட்கிழமை சொல்லுவம். இப்ப சொன்னா அவ பயந்து ஏதும் செய்துபோடுவா. வடிவா யோசிச்சு, பக்குவமா…"

அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பேசவில்லை. மண்டபத்துக்குள் பைலா பாட்டுப் போட்டுவிட்டார்கள், அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பத்து வயது" என்றார் திடீரென்று, தமிழில். "வடக்கை, ஹம்மர்பெஸ்ட்டிலை இருந்தனாங்கள். அப்பா ஆஸ்பத்திரியிலை. வீட்டிலை பாஷை தெரிஞ்சது நான் ஒராள்தான். டொக்டர் என்னட்டைச் சொன்னவர், இண்டைக்கு அம்மாவைப் பக்கத்திலை இருக்கச் சொல்லு எண்டு. நான் அம்மான்ரை முகத்தைப் பாத்தன். அப்பாக்குச் சுகமாகுமாம், யோசிக்க வேண்டாமாம் எண்டு சொன்னன். அம்மா நிம்மதியா மீன் பக்டரிக்கு வேலைக்குப் போட்டா. வேலை முடிஞ்சு வர அப்பா இல்லை."

அவர் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து நோர்வேஜிய மொழிக்கு மாறினார். "இந்தச் சங்கம் எங்களைக் காப்பாற்றத்தான். ஆனால் எங்களை நம்பி வந்தவர்களிடமிருந்து காப்பாற்ற அல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப எடு. நீ எடுக்காட்டி நான் எடுப்பன்."

எடுத்தேன். இரண்டாவது மணியில் அந்தப் பெண் எடுத்தாள். பின்னணியில் மகன் ஏதோ விளையாடும் சத்தம் கேட்டது. சொன்னேன்.

"என்னெண்டு சொன்னனீங்கள்?" என்றாள். "அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாமல்."

ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அன்ரியின் கை குளிர்ந்ததைச் சொல்லப் போனேன், அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"ரயில் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அவருக்கு விளங்கும்" என்றாள். "எனக்கு வெளிக்கிட எவ்வளவு நேரம் இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதுதான் அன்று நான் சொன்ன ஒரே உருப்படியான வசனம். அவள் வைத்துவிட்டாள்.

பிறகு காப்பகத்துக்கு எடுத்தேன், பொலிசுக்கு எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும், தகவலை வெளியே விட்டது நான்தான் என்று முதல் வசனமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா பக்கத்தில் இருந்து ஒரு சொல் உதவவில்லை. செயலாளர் திரும்ப எடுத்தார். பொறுப்போம் என்று வாதாடிய அதே மனிதர், அந்த இடைவெளியில் அந்தப் பெண்ணுக்கு வேறு வழக்கறிஞரைப் பிடித்திருந்தார். சங்கத்துப் பெண்தான், தமிழர் யாரோடும் ஒட்டும் உறவும் இல்லாதவர், லில்லெஸ்ட்ரோமிலிருந்து கிளம்பிவிட்டார் என்றார். பின்னேரம் ஆறு மணிக்குள் பொலிஸ் தாயையும் பிள்ளையையும் அந்த ஊரிலிருந்து கொண்டுபோய்விட்டது. எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

மாலை வெளிச்சம் மங்காமல் நின்றது. அக்கா பின்சீட்டிலிருந்து மடிக்கணினியை எடுத்து என் மடியில் வைத்தார். வழக்கறிஞர்களைக் கண்காணிக்கும் சபைக்கு என்னைப் பற்றி நானே முறைப்பாடு எழுதினேன். அழுது அழுது எழுதினேன். "என்னைத் தூக்கிப்போடுவினமோ அக்கா?" என்று கேட்டேன். "தெரியாது" என்றார். "தூக்கினாலும் தூக்குவினம்." ஒரு பெற்ற தாய் மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் என்ன, இந்த மனுஷியின் நெஞ்சில் இருப்பது என்ன கல்லா என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் எழுத்துமூலக் கண்டனத்தோடு விட்டார்கள். அது மாதங்கள் கழித்து.

அடுத்த கிழமை பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போனேன். அக்காவும் வந்து வெளியே நடையில் இருந்தார். உள்ளே விசாரணைக்காரப் பெண் நான் சொன்னதையெல்லாம் தட்டெழுதி முடித்தார். கடைசியாக, சாட்சியாகக் கூப்பிட வேண்டிவரும் என்பதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட மணி அடிக்க முதலே, அந்த மனிதன் வேலியோரத்தில் நின்றிருக்கிறான். பொலிஸ் அவனுக்காகக் காத்திருந்தது. பிடித்தபோது அவனுடைய பைக்குள் கத்தி இருந்தது.

திங்கட்கிழமை காலை. பொறுத்திருந்தால், நான் அப்போதுதான் எழுந்து, தேத்தண்ணீர் போட்டு, பக்குவமாக எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த எட்டு வயதுப் பிள்ளை புத்தகப்பையோடு வேலியைத் தாண்டி நடந்திருக்கும்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். கத்தியையும் சொன்னேன். பார்த்தாயா என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், திரும்பவும் இருந்துவிட்டார்.

"நான் ஒண்டு சொல்லவேணும்" என்றார். "அண்டைக்குக் காருக்குள்ளை நீங்கள் ரெண்டு பேரும் திங்கட்கிழமை எண்டு கேட்ட நேரம், நான் பேசாமல் இருந்தனான் எல்லோ? அப்பாவை நினைச்சுக்கொண்டு இருந்தன் எண்டு நீ நினைச்சிருப்பாய். இல்லை. சங்கத்தை நினைச்சன். கட்டின சங்கம் உடையப்போகுது எண்டு நினைச்சன். திங்கட்கிழமை சொன்னால் என்ன எண்டு எனக்கும் வந்தது. ஒரு நிமிசம் இல்லை, கனநேரம் வந்தது. கிட்டத்தட்ட ஓம் எண்டு சொல்லப் பாத்தனான்."

அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இதை அவர் எனக்குச் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் சாகும்வரை நான் அவரைத் தெய்வம் என்று சொல்லித் திரிந்திருப்பேன். அவர் மேல் இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தள்ளிவிட்டு, "புது அப்புக்காத்துக்கு எடுத்துக் கேள்" என்றார். "அவன் வந்து நிண்டதை அந்தத் தாய்க்குச் சொல்லியாச்சோ எண்டு கேள்."